பேசிப் பேசியே ஒரு மொழியைக் கற்க முடியுமா?

கேள்வி இதுதான்: "ஒரு வருடமாக ஆப்பில் படிக்கிறேன். வாசித்தால் புரிகிறது, இலக்கணப் பயிற்சியும் முக்கால்வாசி சரியாக வருகிறது. ஆனால் எதிரில் ஒருவர் நின்று இரண்டு வாக்கியம் பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பாடத்தை மூட்டை கட்டிவிட்டு, அன்றாடப் பேச்சு வழியாகவே கற்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். ஆனால் பாடத்தை மூட்டை கட்ட வேண்டாம், அதற்குக் கொடுத்திருக்கும் இடத்தை மாற்றினால் போதும். பேசப் பேசக் கூச்சம் போகும், காது பழகும். இதில் சந்தேகமே இல்லை. வினைமுடிவும் வேற்றுமையும் பன்மையும் அப்படித் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். மொழியியலில் இதற்குப் பேர்போன ஓர் உதாரணம் உண்டு. ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடிபெயர்ந்த ஓர் ஓவியரை ரிச்சர்ட் ஷ்மிட் என்ற ஆய்வாளர் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, 1983-இல் எழுதினார். கட்டுரையில் அவருக்கு வைத்த பெயர் வெஸ். நாள் முழுக்க ஆங்கிலச் சூழல், கலகலப்பான ஆள், யாரோடும் பேசத் தயங்காதவர். மூன்று ஆண்டில் அவர் பேச்சு சரளமானது, நண்பர்கள் ரசித்துக் கேட்டார்கள். இறந்தகால விகுதி, பன்மை விகுதி போன்றவை மட்டும் ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நின்றன. அவை இல்லாமலேயே எல்லாருக்கும் அவர் சொல்வது புரிந்துவிட்டது, அதனால் அவற்றைக் கவனிக்கவேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை.

ஆக, பேச்சு வழுக்கிக்கொண்டு ஓடுகிற நேரத்தில் புதிதாக எதுவும் ஏறுவதில்லை. தடுக்கி நிற்கிற இடத்தில்தான் ஏறுகிறது. சொல் கிடைக்காமல் திணறுகிற நொடி, எதிராளி சொன்னது பிடிபடாத நொடி, அவர் உங்கள் வாக்கியத்தைச் சத்தமில்லாமல் திருத்துகிற நொடி, இவை மூன்றும்தான் உங்கள் பாடப்புத்தகம். கீழே சொல்வதெல்லாம் அந்த நொடிகளை வீணாக்காமல் இருப்பதற்கான வழிகள்.

முதலில் நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று பார்ப்போம். ஒருவர் பேசி முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லிநொடி. 10 மொழிகளின் பேச்சை அளந்து 2009-இல் வந்த கணக்கு இது. ஜப்பானிய மொழியில் இதைவிடவும் குறைவு, டேனிஷில் கொஞ்சம் கூடுதல், ஆனால் எதுவும் அரை நொடியைத் தாண்டவில்லை. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைத் தாய்மொழியில் சொல்லவே 600 மில்லிநொடி ஆகிறது. அப்படியென்றால் எதிராளி வாய் மூடுவதற்கு முன்பே நாம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம் என்று அர்த்தம். வேற்றுமொழியில் இது நடப்பதில்லை. மூளை முழுக்க "என்ன சொன்னார்" என்பதில் மாட்டிக்கொண்டிருக்கும். அவர் முடித்த பிறகுதான் தமிழில் யோசித்து, சொல் தேடி, விகுதி ஒட்டி, வரிசை மாற்றி... மூன்று நான்கு நொடி போய்விடும். எழுத்தில் மூன்று நொடி ஒன்றுமே இல்லை. பேச்சில் அது பெரிய பள்ளம். "இவருக்குப் புரியவில்லை" என்று முடிவுகட்டி எதிராளி ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்.

ஆகவே உங்களுக்கு இல்லாதது அறிவு அல்ல, வேகம். ஆப் அதைப் பழக்காது, ஏனென்றால் அங்கே நீங்கள் பத்து நொடி யோசித்தாலும் யாரும் எழுந்து போவதில்லை.

இதற்கு உடனடி முதலுதவி, நேரம் வாங்கும் சொற்கள். தமிழில் "அது வந்து", "என்ன சொல்ல வந்தேன்னா" என்று இழுக்கிறோமே, அதேதான். ஸ்பானிஷில் "புவேஸ்", "அ வெர்", ஜெர்மனில் "ஆல்ஸோ", ஜப்பானிய மொழியில் "ஏத்தோ", மாண்டரினில் "நெய்க". எந்த மொழியானாலும் இப்படி இரண்டு மூன்று சொற்களை முதல் வாரமே பிடித்துக்கொள்ளுங்கள். "ம்ம்ம்" என்று தமிழில் இழுத்தால் திணறல் என்று கேட்கும், அதே இரண்டு நொடியை "அ வெர்..." என்று இழுத்தால் யோசிக்கிறார் என்று கேட்கும், காத்திருப்பார்கள். எல்லா வாக்கியத்துக்கும் ஒரே சொல்லை முட்டுக்கொடுத்தால் எரிச்சல் வரும், அதனால்தான் இரண்டு மூன்று.

கேட்கும்போது போடும் "ம்" விஷயமும் இதே ரகம். ஜப்பானியர்கள் பேச்சின் நடுநடுவே "ஹாய்", "ஸோ தெஸு நே" என்று கேட்பவரிடமிருந்து ஒலியை எதிர்பார்ப்பார்கள். நீங்கள் மரியாதையாக மௌனம் காத்தால், கேட்கிறீர்களா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம் வந்து பேச்சே நின்றுபோகும். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு: அகராதியில் "ஹாய்" என்றால் "ஆம்". பேச்சு நடுவே வரும் "ஹாய்" பெரும்பாலும் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" மட்டும்தான், சம்மதம் அல்ல.

சரி, முதல் உரையாடலுக்குப் போகும் முன் கையில் என்ன இருக்கவேண்டும்? ஆயிரம் சொற்கள் தேவையில்லை. பேச்சு உடைந்தால் ஒட்டவைக்கும் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் வேண்டும். இவற்றை யோசித்துக் கட்டக் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். "இன்னொரு தடவை சொல்லுங்கள்." "வேறு மாதிரி சொல்ல முடியுமா?" "இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?" "இப்படிச் சொல்லலாமா?" "நான் சொல்ல வந்தது அது இல்லை." "ஒரு நிமிடம், யோசிக்கிறேன்." "நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?" "தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்." இவற்றோடு வணக்கம், நன்றி, மன்னிப்பு, விடைபெறுதல். அந்த மொழி பேசும் ஒருவரிடம் இவற்றை வாய்ஸ் நோட்டாகப் பேசி வாங்கி, அதே வேகத்தில் கூடவே சேர்ந்து சொல்லிப் பழகுங்கள்.

"மெதுவாகப் பேசுங்கள்" என்ற வாக்கியத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அது வேலை செய்யும், ஒரே ஒரு வாக்கியத்துக்கு. அடுத்த வாக்கியத்திலேயே பழைய வேகம் திரும்பிவிடும், ஏனென்றால் பேசுகிற வேகத்தை யாரும் யோசித்து வைத்துக்கொள்வதில்லை. சிலர் மெதுவாக என்று சொன்னால் சத்தமாகப் பேசத் தொடங்குவார்கள்! அதைவிட, எந்த இடம் புரியவில்லை என்று விரல் வைத்துக் காட்டுவது நல்லது.

புரியாததைக் கேட்பதில் மூன்று படிகள் உண்டு. கீழ்ப்படி, வெறும் "ஆங்?" என்பது. எதிராளி முழுதையும் முதலிலிருந்து திரும்பச் சொல்லவேண்டும், அதே வேகத்தில். உங்களுக்கு மறுபடியும் அதே இடத்தில்தான் விட்டுப்போகும். நடுப்படி, காணாமல்போன துண்டை மட்டும் கேட்பது: "எங்கே?", "யாரோடு?", "எத்தனை மணிக்கு?". மேல்படி, கேட்டதாக நினைப்பதைச் சொல்லிச் சரிபார்ப்பது: "செவ்வாய்க்கிழமையா?" மேலே போகப் போக அவருக்கு வேலை குறையும், உங்களுக்கு மொழி கூடும். தவறான கிழமையைச் சொன்னாலும் லாபம்தான்: அவர் "இல்லை, வியாழன்" என்று ஒரே சொல்லை அழுத்திச் சொல்வார், அது காதில் பதியும்.

இப்படிக் கேட்பது கேவலம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 12 மொழிகளின் வீட்டுப் பேச்சை, அதாவது தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் பேசியதை, எடுத்து ஆராய்ந்து 2015-இல் ஒரு கணக்கு வந்தது. சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது "என்ன?", "யாரு?" என்று நிறுத்திக் கேட்கிறார்கள். அதே குழுவினர் அதற்கு முன் 2013-இல் 10 மொழிகளை ஒப்பிட்டபோது, "ஆங்?" என்ற ஒலியே ஏறக்குறைய எல்லா மொழியிலும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டார்கள். தலையாட்டிச் சிரித்துச் சமாளிப்பவர்தான் சந்தேகத்துக்கு ஆளாகிறார், கேட்பவர் அல்ல.

அடுத்த தடங்கல் புத்தக மொழி. தமிழ் பேசுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புத்தகம் மட்டும் படித்த ஒரு வெளிநாட்டவர் "நான் சென்றுகொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் நமக்குப் புரியும். நாம் "போய்ட்டிருக்கேன்" என்று சொன்னால் அவருக்குப் புரியாது. எல்லா மொழியிலும் இந்த இடைவெளி ஏதோ ஓர் அளவில் உண்டு. பிரெஞ்சுப் புத்தகத்தில் "தெரியாது" என்பது "ஜெ நெ சே பா". தெருவில் அது "ஷே பா". எதிர்மறைக்கு முன்னால் வரும் "நெ" பேச்சில் பெரும்பாலும் காணாமலே போய்விடும். "நாங்கள்" என்பதற்குப் புத்தகம் "நூ" என்று சொல்லித்தரும், பேச்சில் "ஓன்" தான் ஆட்சி செய்கிறது. அரபியில் இந்த இடைவெளி நம் செந்தமிழுக்கும் பேச்சுத்தமிழுக்கும் இருப்பதுபோல அகலமானது. போதாக்குறைக்கு நாட்டுக்கு நாடு பேச்சும் மாறும், எந்த நாட்டுப் பேச்சு வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். எழுத்து வடிவத்தைத் தூக்கி எறியாதீர்கள். நீங்கள் எழுத்து வடிவத்திலேயே பேசினாலும் பரவாயில்லை. ஆனால் காதுக்குப் பேச்சு வடிவம் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகக் கற்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "இதை நீங்கள் நண்பரிடம் எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இப்போது பேச்சுக்கே வருவோம். தொடக்கக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, ஒவ்வொரு தடவையும் புதுத் தலைப்பில் பேசுவது. வானிலை, அரசியல், பயணம் என்று தாவினால் ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து நிமிடத் திணறலை மட்டும் அனுபவித்துவிட்டு எழுந்துவருகிறீர்கள். மாறாக, எங்கே போனாலும் எல்லாரும் கேட்கப்போகிற ஐந்தாறு கேள்விகள் உண்டு: எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வேலை, ஏன் இந்த மொழி, எவ்வளவு நாளாகப் படிக்கிறீர்கள், வீட்டில் யார் யார், ஓய்வில் என்ன செய்வீர்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பத்து வாக்கியத்தில் உங்கள் சொந்தப் பதிலைத் தயாரியுங்கள். தாய்மொழிக்காரர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி, அவர் குரலிலேயே பதிவு செய்து வாங்கி, மனப்பாடம் அளவுக்குப் பழகுங்கள். இது ஏமாற்று வேலை இல்லை. மேடை ஏறுகிறவர் ஒத்திகை பார்ப்பதில்லையா? இந்தத் தலைப்புக்குள் நிற்கும்வரை உங்களுக்கு வேகம் இருக்கும், கவனத்தை எதிராளி பேச்சில் வைக்கலாம். அங்கிருந்து ஒரு அடி வெளியே வைப்பதும் திரும்ப வருவதும் எளிது.

இதைப் பழக ஒரு நல்ல பயிற்சி 4/3/2. கீத் மோரிஸ் என்பவர் 1983-இல் விவரித்தது. ஒரே விஷயத்தை முதல் ஆளிடம் 4 நிமிடம் சொல்லுங்கள், அதையே இரண்டாம் ஆளிடம் 3 நிமிடத்தில், மூன்றாம் ஆளிடம் 2 நிமிடத்தில். விஷயத்தை வெட்டக் கூடாது, வேகம்தான் கூடவேண்டும். ஆள் மாறுவது முக்கியம். ஒரே ஆளிடம் மூன்று தடவை சொன்னால் இருவருக்கும் அலுப்பு. ஆள் கிடைக்காவிட்டால் ஃபோனில் பதிவு செய்து மூன்று தடவை பேசலாம். ஒரே எச்சரிக்கை: தப்பான வாக்கியத்தை மூன்று தடவை வேகமாகச் சொன்னால் தப்பே சரளமாகிவிடும். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் இரண்டு திருத்தமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

திருத்தம் என்பது பேச்சில் எப்படி வருகிறது என்று ஓர் இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஜெர்மன் கற்பவர் "நேற்று வீட்டுக்குப் போனேன்" என்று சொல்ல நினைத்து, "கெஸ்டன் இஷ் ஹாபெ நாஹ் ஹவ்ஸெ கெகங்கன்" என்கிறார். எதிராளி, "ஆக் ஸோ, டு பிஸ்ட் நாஹ் ஹவ்ஸெ கெகங்கன். உண்ட் டன்?" என்கிறார். அதாவது, "ஓ, வீட்டுக்குப் போனியா, அப்புறம்?" கற்பவருக்கு "அப்புறம்?" மட்டும் காதில் விழுகிறது. மகிழ்ச்சியாக அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்.

நடந்தது என்ன? போவது, வருவது, பறப்பது போன்ற இடம்பெயரும் வினைகளுக்கு ஜெர்மன் பேச்சின் இறந்தகாலத்தில் துணைவினையாக "ஹாபெ" வராது, "பின்" வரவேண்டும். எதிராளி அதைப் "பிஸ்ட்" ("நீ" என்பதோடு வரும் "பின்"-இன் வடிவம்) என்று மாற்றிச் சொல்லித் திருத்திவிட்டார். ஆனால் திருத்துகிறேன் என்று சொல்லவில்லை, ஆமோதிப்பது போலச் சொன்னார். கனடாவில் பிரெஞ்சு வழிக் கல்வி வகுப்புகளை ஆராய்ந்து லிஸ்டரும் ரான்டாவும் 1997-இல் எழுதியது இதைத்தான்: ஆசிரியர் தரும் திருத்தங்களில் பாதிக்கு மேல் இப்படிச் சத்தமில்லாத மறுமொழிதல், அவற்றில் மூன்றில் ஒன்றைக்கூட மாணவர்கள் பிடித்துக்கொள்ளவில்லை. வகுப்பறையிலேயே இந்தக் கதி என்றால் நட்புப் பேச்சில் சொல்லவே வேண்டாம்.

செய்யவேண்டியது சின்ன விஷயம். எதிராளி உங்கள் வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால், அதை ஆமோதிப்பு என்று நினைக்காமல் ஒரு கணம் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் "யா, இஷ் பின் நாஹ் ஹவ்ஸெ கெகங்கன்" என்று உங்கள் வாயாலேயே சரியாக ஒரு தடவை சொல்லிவிட்டு, அதன் பிறகு கதையைத் தொடருங்கள். இரண்டு நொடி வேலை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தக் கற்பவர் வாக்கியத்தில் இரண்டாவது பிழையும் இருந்தது. "கெஸ்டன்" என்று காலத்தில் தொடங்கினால் வினை இரண்டாம் இடத்துக்கு வந்து "கெஸ்டன் பின் இஷ்" ஆக வேண்டும். எதிராளி "நேற்று" என்பதையே விட்டுவிட்டுச் சொன்னதால் அந்தப் பிழை வெளியே தெரியாமல் நழுவிவிட்டது. பேச்சு மட்டும் போதாது, இலக்கணப் புத்தகமும் பக்கத்தில் இருக்கட்டும் என்பதற்கு இதுவே காரணம். தடுக்கிய இடத்தைப் புத்தகத்தில் அன்றைக்கே போய்ப் பாருங்கள். அரைப் பக்கம் படித்தால் போதும். தடுக்காத இடத்தை முன்கூட்டியே படித்து மனதில் நிறுத்துவது கடினம்.

யாரோடு பேசுவது? ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் பரிமாற்ற ஏற்பாடு இலவசம், ஆனால் கறாரான விதிகள் இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் அரட்டையாகிவிடும். டைமர் வைத்து 30 நிமிடம் அவர் மொழி, 30 நிமிடம் உங்கள் மொழி. உங்களில் யாருக்கு மற்றவர் மொழி நன்றாக வருகிறதோ அந்தப் பக்கமே பேச்சு சாயும். பலவீனமான மொழியை முதல் பாதியில் வைத்தால் இது குறையும். என்ன திருத்தம் வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்: "எல்லாவற்றையும் திருத்தாதீர்கள், இன்று இறந்தகாலத்தை மட்டும்." எல்லாவற்றையும் திருத்தச் சொன்னால் முதல் நாள் திருத்துவார், இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் விட்டுவிடுவார். இருநூறு முந்நூறு சொல்கூடத் தெரியாத நிலையில் பரிமாற்றத்தைவிடக் காசு கொடுத்து ஓர் ஆசிரியரோடு பேசுவதே மேல். பொறுமை காப்பது அவர் வேலையின் ஒரு பகுதி.

எதிராளி ஆங்கிலத்துக்குத் தாவும்போது கோபப்படாதீர்கள், உதவுவதாகத்தான் நினைக்கிறார். நீங்கள் அவர் மொழியிலேயே இரண்டு மூன்று பதில் தொடர்ந்தால் பெரும்பாலும் அவரும் திரும்புவார். இல்லையென்றால் "பழகிக்கொண்டிருக்கிறேன், இந்த மொழியிலேயே பேசலாமா?" என்ற ஒரு வரி. பின்னால் வரிசை நிற்கும் கவுண்டரில் இந்தப் பிடிவாதம் வேண்டாம். அங்கே எதிரில் இருப்பவருக்கு வேலை இருக்கிறது. கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டு வாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு குரலில் பேசுவதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கூச்சம் போக்கவும், ஒரே தலைப்பை நாற்பதாவது தடவை பேசவும் அதைவிடப் பொறுமையான துணை கிடையாது. ஒரு குறை: நீங்கள் எவ்வளவு உடைத்துப் பேசினாலும் அது பெரும்பாலும் புரிந்துகொள்ளும், தப்பாகப் புரிந்துகொண்டு முகம் சுளிக்காது. மனிதரோடு பேசும்போது வரும் தடங்கல் அங்கே வருவதில்லை. ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அரங்கேற்றம் மனிதரோடு.

பேசி முடித்த அடுத்த பத்து நிமிடம் பேசிய அரை மணியைவிட மதிப்பானது என்பது என் எண்ணம். உடனே வேறு வேலைக்குப் போகாதீர்கள். ஒரு தாளில் மூன்று வகையாக எழுதுங்கள்: சொல்ல நினைத்து வராதவை, கேட்டும் புரியாதவை, திருத்தப்பட்டவை. மொத்தம் ஐந்து போதும். இருபது எழுதினால் எதையும் திரும்பப் பார்க்க மாட்டீர்கள். தனிச்சொல்லாக அல்லாமல் முழு வாக்கியமாக, அதுவும் நீங்கள் உண்மையில் சொல்லப்போகிற வாக்கியமாக எழுதுங்கள். மேலே பார்த்த பிழையென்றால் "பின் கெகங்கன்" என்று மட்டும் குறிக்காமல், வருவதற்கு "பின் கெகோமன்", வண்டியில் போவதற்கு "பின் கெஃபாரன்" என்று இன்னும் இரண்டு உறவுக்காரர்களையும் சேர்த்து உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தும் மூன்று வாக்கியம். அன்று இரவு ஒரு தடவை, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த உரையாடலில் அந்த ஐந்தில் மூன்றையாவது வலிய நுழைக்கவேண்டும். செயற்கையாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இந்தக் குறிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். (இந்தப் பதிலில் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், அது அடையாளத்துக்கு மட்டும்.) பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் உள்ள வித்தியாசம் நடுவில் வரும் ஸகரம் அதிர்கிறதா இல்லையா என்பதுதான். தமிழில் எழுதினால் இரண்டுமே "ப்வாஸோன்". ப என்ற ஓர் எழுத்துக்குள் நாம் இரண்டு ஒலிகளை வைத்திருக்கிறோம். சொல்லின் முதலில் ஒன்று, நடுவில் மற்றொன்று என்று இடம் பார்த்து வாய் தானாகவே மாற்றிக்கொள்ளும். பல மொழிகளில் அந்த இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள். இந்த ஜோடிகளை மட்டும் தனியாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று கண்டுபிடிக்கும் பயிற்சியை நாளுக்கு ஐந்து நிமிடம் செய்தால், காது பிரித்த பிறகு வாய் பின்னாலேயே வரும்.

தமிழ் தடையாக மட்டும் இருப்பதில்லை, சில இடத்தில் பெரிய சீதனம். ஜப்பானிய மொழியில் "ஒபஸன்" அத்தை, "ஒபாஸன்" பாட்டி. படம்-பாடம் என்று குறில் நெடில் பிரித்தே வளர்ந்த காதுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், கேள்விக்குக் கடைசியில் "கா" சேர்வதும் நமக்குப் பழகிய பாதை. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள் கடினம் என்பார்கள். பேச்சில் "மரம்", "பணம்" என்று சொல்லும்போது உதடு மூடாமல் மூக்கிலேயே முடிக்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஸ்பானிஷில் "மே குஸ்தா லா மூசிகா" என்பதை ஆங்கிலம் வழியாகப் படித்தால் தலைகீழாகத் தெரியும். "எனக்கு இசை பிடிக்கும்" என்று தமிழில் வைத்துப் பார்த்தால் நேராக உட்காரும். ஜெர்மனில் குளிர்கிறது என்று சொல்ல "மிர் இஸ்ட் கால்ட்", அதாவது "எனக்கு". ஆங்கிலத்தைப் பின்பற்றி "இஷ் பின் கால்ட்" என்றால் ஆளே ஈவிரக்கமற்றவர் என்ற தொனி வந்துவிடும். ஆப்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே சொல்லித்தருகின்றன, அந்தச் சுற்றுவழியைத் தமிழால் கடக்க முடிகிற இடத்தில் கடந்துவிடுங்கள். நீ, நீங்கள் என்ற வித்தியாசம் தெரிந்தவருக்குப் பிரெஞ்சின் "து", "வூ" புரியவைக்கத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் மரியாதையில் தொடங்குங்கள், அவரே இறக்கச் சொல்வார்.

எவ்வளவு நாள் ஆகும்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கூடம் தன் அதிகாரிகளுக்கு வைத்திருக்கும் கணக்கில் ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்றவை 600 முதல் 750 வகுப்பு மணி நேரம், ஜப்பானிய மொழி, கொரியன், மாண்டரின், அரபி ஆகியவை 2200 மணி நேரம். இது ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கு, வேலை நிமித்தம் சரளமாகப் பேசும் அளவுக்கு. அன்றாடப் பேச்சுக்கு அவ்வளவு தேவையில்லை. வாரக் கணக்கு என்று கேட்டால்: 90 நிமிடத்தை ஒரே நாளில் கொட்டாமல் மூன்று நாளில் 30, 30, 30. ஒவ்வொரு அரை மணிப் பேச்சுக்கும் ஒரு மணி நேரமாவது கேட்பது, அதுவும் இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் ஒலிப்பதிவு, செய்தி வாசிப்பு அல்ல. பேச்சில் வெளியே போவது கேட்டதிலிருந்துதான் வரவேண்டும். கேட்காமல் பேசிக்கொண்டே இருப்பவர் தனக்குத் தெரிந்த இருநூறு சொல்லையே சுற்றிச் சுற்றி வருவார். மாதம் ஒரு தடவை அதே தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து வையுங்கள். நாளுக்கு நாள் முன்னேற்றம் தெரியாது, மூன்றாம் மாதப் பதிவை முதல் மாதத்தோடு ஒப்பிட்டால் தெரியும்.

ஃபோன் பேச்சும் கூட்டத்தில் பேசுவதும் கடைசியில் வைக்கவேண்டியவை. ஃபோனில் உதடும் முகமும் கிடைக்காது. கூட்டத்தில் இன்னும் மோசம்: அந்த 200 மில்லிநொடி இடைவெளிக்கு நான்கு பேர் போட்டி போடுவார்கள், உங்கள் வாக்கியம் தயாராகும்போது பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அங்கே முழு வாக்கியத்தோடு நுழையப் பார்க்காதீர்கள். நேரம் வாங்கும் சொல்லை முதலில் போட்டு இடத்தைப் பிடித்துவிட்டு யோசியுங்கள். அல்லது பேசி முடித்தவரைப் பார்த்து அவர் சொன்னதிலிருந்தே ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள், "எப்போது?", "அப்புறம்?" என்பது போல. அவர் உங்களைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்குவார், அடுத்து நீங்கள் பேச இடம் கிடைக்கும்.